ஆறிப்போன ஸ்டேக்கும் ஒரு சம்பந்தப் பேச்சும்

டென்மார்க்கில் ஒரு பாற்கட்டித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. மணம் சரியில்லை, நிறம் சரியில்லை, கடினம் கூடிவிட்டது என்று காரணம் எழுதிப் பொருளைத் திருப்பி அனுப்புவேன். மனிதரையும் இப்படித் திருப்பி அனுப்புகிற தொழில் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. பெண் பார்த்தல் என்று பெயர். அதற்கு உதவியாளாகத்தான் அக்கா என்னை ஊருக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ தாய்மாமன். நீ இல்லாமல் கதை பேசேலாது. லீவைப் போட்டிட்டு வா" என்றார் தொலைபேசியில். எங்கே வைத்துப் பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன். "ஸ்டேக் ஹவுசிலை" என்றார், பிள்ளையார் கோயில் மண்டபத்தில் என்று சொல்கிற அதே குரலில்.

அக்கா இருப்பது தீவுப்பகுதியில், நாரந்தனையில். அந்த வீட்டுக் குசினிக்குள் மாட்டிறைச்சி ஒருநாளும் நுழைந்ததில்லை. வெளியே யார் எதைத் தின்றாலும் வீடு விசாரிப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆகவே மறுபடியும் கேட்டு உறுதிப்படுத்தினேன். காரணம் எளிமையானதாம். மாப்பிள்ளை நிமலன் சுவிற்சர்லாந்தில் இருக்கிறான். அவன் தாயார் மங்களமக்கா இறுப்பிட்டிக்காரர். சம்பந்தம் பேசி முடியும்வரை பெண்வீட்டில் வாய் நனைப்பதில்லை என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். தேத்தண்ணீர்கூட இல்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தமாகிவிடும். எனவே பொது இடம் வேண்டும். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுச் சாப்பாடுதான் பிடிக்கும் என்று அக்கா நினைத்தார். பெண்வீட்டார் நாகரிகமானவர்கள் போலிருக்கிறது என்று மங்களமக்கா நினைத்தார். இப்படி இரண்டு பகுதியும் ஒருவரை ஒருவர் தவறாக மதித்து ஒரு மேசையை ஒதுக்கிவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்குப் போகும் பஸ்ஸில் முதல்நாள் ஏறினேன். டென்மார்க்கில் பஸ் சற்றுப் பிந்தினால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே மண்டைதீவுச் சந்தி தாண்டியதும் பஸ் நடுத்தெருவில் நின்றது. சாரதி இறங்கி, கடற்கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவரிடம் மீன் விலை பேசினார். திருப்தி இல்லை. ஏறினார். பிறகு மனம் மாறித் திரும்ப இறங்கினார். "அண்ணை, எங்களுக்கும் சேர்த்து வாங்கும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். மன்னிப்பு ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. நாரந்தனையில் இறங்கியபோது என் பெட்டியில் திருக்கை மீன் மணத்தது.

அன்றிரவு அக்காவின் புட்டும் நண்டுக்கறியும். இந்தக் கையைக் குசினியில் வைத்துக்கொண்டு இவர்கள் ஏன் ஸ்டேக் தின்னப் போகிறார்கள் என்று கேட்க நினைத்தேன். வாயில் நண்டு இருந்தது.

அடுத்தநாள் அக்கா மகள் தர்ஷினியுடன் நெடுந்தீவுக்குப் போனேன். அவள் தீவுப்பகுதிக்கு மிருக வைத்தியர். தடுப்பூசி மருந்துகள் அடுக்கிய குளிர்ப்பெட்டியை மடியில் வைத்தபடி, படகின் மேல்தட்டில் ஒரு சாக்கு மூட்டைமேல் அமர்ந்திருந்தாள். எனக்குத் தரப்பட்ட உயிர்காப்பு அங்கியைப் பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டு வாங்கித் தலையணையாக வைத்துத் தூங்கினார். நடுக்கடலில் இயந்திரம் நின்றது. எவரும் திரும்பியும் பார்க்கவில்லை. கீழேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு இயந்திரம் இருமிக்கொண்டு புறப்பட்டது.

"மாமா, ஒண்டு கேக்கட்டே?" என்றாள்.

"கேள்."

"முந்தி வந்த சம்பந்தம் எல்லாம் என்னண்டு குழம்பினது தெரியுமே? ஒண்டு மாப்பிளை வீட்டார் வேண்டாமெண்டிச்சினம். ஒண்டு அம்மா வேண்டாமெண்டவா. மற்றதை அப்பா ஓம் எண்டு போட்டு, பிறகு ஆரோ சொன்னதைக் கேட்டு இல்லையெண்டவர். ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. இந்தமுறை என்னைக் கேக்காமல் ஒருத்தரும் ஓமெண்டும் சொல்லக்கூடாது, இல்லையெண்டும் சொல்லக்கூடாது. நீங்கள் அதை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

பாத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தாய்மாமன் வேலை தாலி செய்ய ஆசாரியிடம் போவதோடு முடிகிறது என்று அதுவரை நம்பியிருந்தவன் நான்.

நெடுந்தீவில் கல்வேலிகளுக்கு நடுவே மாடுகள் வரிசையாக நின்றன. தர்ஷினி ஒவ்வொன்றின் கழுத்தையும் தட்டி ஊசி போட்டாள். மாட்டுக்காரி மரியம்மா என்னை ஓரமாக அழைத்துப் போனார். பனங்கட்டியும் தேத்தண்ணீரும் தந்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுறியளாம். பேசுங்கோ, நல்லது. ஆனா வெளிநாட்டுக்கு அனுப்பிப்போடாதேங்கோ ஐயா. முந்தி இருந்த டொக்டர் படகிலை சத்தி எடுத்துப்போட்டு அடுத்த கிழமையே மாற்றம் கேட்டவர். அதுக்குப் பிறகு எங்கடை மாடுகள் தானாச் சுகப்பட்டாத்தான் உண்டு. இவ வந்தாப்பிறகுதான் ஒரு கண்டுக்குட்டி சாகாமல் நிக்குது."

பனங்கட்டி இனிப்பாகத்தான் இருந்தது. இரண்டாவது துண்டை எடுக்காமல் தட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாம்நாள் அக்காவுடன் நயினாதீவு அம்மனிடம் போனோம். காரியம் சித்தியாக வேண்டுமாம். ஸ்டேக் மேசைக்கு அம்மனின் அனுக்கிரகம் கேட்ட முதல் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

குறிகட்டுவானிலிருந்து புறப்பட்ட படகில் அந்த உணவகத்தைப் பற்றி ஒரு மாநாடே நடந்தது. ஊர்காவற்றுறைப் பக்கம் கடலோரத்தில் எழும்பிய அந்த ஆடம்பர ஹோட்டலுக்குப் போகாதவர் போனவரை விட அதிகம் அறிந்திருந்தார். "லைற்றே இல்லை பிள்ளை. என்ன தின்னிறன் எண்டு தெரியாமல் அலங்காரத்துக்கு வைச்ச இலையையும் தின்றிட்டன்" என்றார் கனடாவிலிருந்து வந்த அம்மா. "அன்ரி, படம் எடுக்க அதைவிட வடிவான இடம் இல்லை" என்றாள் புதிதாகக் கல்யாணமான பெண். அவள் கணவன் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பசி இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வேறு முறைப்பாடு. "சோறு இல்லையாம்! ஒரு கோப்பை சோறு கேட்டனான். உருளைக்கிழங்கை மசிச்சு, கரண்டியாலை கோடு கீறித் தாறான்." நாகதீப விகாரைக்கு வந்த கொழும்புக்காரர் ஒருவரிடம் சிங்களத்தில் கேட்டேன். இறைச்சி கொழும்பில் நன்றாயிருக்கும், கடல் இங்கே நன்றாயிருக்கும், இரண்டையும் ஒரே இடத்தில் கேட்பது பேராசை என்றார். படகில் கிடைத்த அபிப்பிராயங்களில் தரம் உள்ளது அதுதான்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டார்.

திரும்பி வந்தபோது நெடுந்தீவுப் படகும் குறிகட்டுவானுக்கு வந்து சேர்ந்திருந்தது. அக்கா கச்சான் கடலை வாங்கப் போனார். இறங்குதுறைச் சுவரில் ஓர் இளைஞன் சாய்ந்திருந்தான். தலையில் நனைத்த துவாய், வாந்தி அடங்க மூக்கில் பிடித்த ஒரு தேசிக்காய், முகம் அந்தத் தேசிக்காயின் பச்சை நிறம். "கிட்டப் பாக்காதையும், தூரத்திலை பாரும்" என்று சொல்லித் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். நன்றி சொல்லவும் வாய் திறக்கப் பயந்து தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாள் மாலை, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உணவகத்துக்குள் நுழைந்தோம். அங்கே முழுக் கோட்டில், நன்கு சீவிய தலையோடு எழுந்து நின்றான் அதே தேசிக்காய். நிமலன். அக்காவின் கைத்தொலைபேசியில் காட்டிய படத்தில் பின்னால் பனிமலை இருந்தது. தேசிக்காய் இருக்கவில்லை. அதனால் எனக்குத் தெரியாமல் போயிற்று. அவன் கண்கள் என்னைக் கெஞ்சின. நான் முதல் தடவை பார்ப்பவன்போல் கைகொடுத்தேன்.

உள்ளே கனடா அம்மா சொன்னது உண்மைதான். ஆளுக்கொரு மெழுகுதிரி. சுவரில் நெடுந்தீவுக் குதிரைகள் ஓடும் பெரிய ஓவியம். தர்ஷினியின் தகப்பன், என் அத்தான், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகே குனிந்தார். "தம்பி, இஞ்சை குதிரை குடுக்கிறேல்லைத்தானே?"

பரிசாரகர் கறுப்புக் கையுறையோடு வந்து ஆங்கிலத்தில் நீளமாக வரவேற்றார். நாற்பது தாண்டியவர். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி எந்த ஊர்?" என்றார்.

அவர் குசினிப்பக்கம் ஒருதரம் பார்த்தார். "மண்டைதீவு அக்கா. பேர் அன்ரன்" என்றார் தணிந்த குரலில். "தமிழிலை கதைக்கக்கூடாதெண்டு ஓடர். மனேச்சர் கொழும்பு. மெள்ளமாக் கதையுங்கோ."

உணவு அட்டை தடித்த புத்தகமாக இருந்தது. ஒவ்வொரு ஸ்டேக்குக்கும் கீழே, மாடு எந்த நாட்டில் பிறந்தது, என்ன புல் தின்றது, எப்படிப்பட்ட காற்றைச் சுவாசித்தது என்று ஒரு பந்தி. அத்தான் கண்ணாடியை மாட்டி ஒன்றை வாசித்து முடித்தார். "இந்தளவு விபரம் மாப்பிளையைப் பற்றி எங்களுக்கு ஒருத்தரும் தரேல்லை" என்று முணுமுணுத்தார்.

அக்கா கோழி கேட்டார். மங்களமக்கா அறுக்குளா ஸ்டேக் கேட்டார். அது பெருமீனை வெட்டிய துண்டு. எங்கள் வீட்டில் அதைப் பொரித்த மீன் என்போம். நாங்கள் மூன்று ஆண்களும் மாட்டுக்குப் போனோம். "எனக்கும் மாடு" என்றாள் தர்ஷினி.

அக்கா கண்ணால் சைகை காட்டினார். பலனில்லை.

"மாட்டு டொக்டர் மாடு சாப்பிடுறதோ பிள்ளை?" என்றார் மங்களமக்கா.

"கோழிக்கும் நான்தான் டொக்டர், அன்ரி."

நிமலன் தண்ணீரைக் குடிக்கப் போய்ப் புரைக்கேறினான்.

தட்டுகள் சீறிக்கொண்டு வந்தன. உயரத் தொப்பி போட்ட சமையல்காரரே கூடவந்து வைத்துவிட்டு, திறந்த குசினியில் கைகட்டி நின்று எங்கள் முகங்களைப் பார்த்தார். எவரும் அசையவில்லை. நிமலன் மட்டும் முள்ளுக்கரண்டியை எடுத்தான். மேசைக்குக் கீழே ஏதோ நடந்தது. முள்ளுக்கரண்டி விழுந்தது.

"ஓடர் குடுக்கலாம். கை வைக்கேலாது" என்றார் மங்களமக்கா. "கதை முடியட்டும்."

"நீங்கள் வைக்காட்டி நாங்களும் வைக்கமாட்டம்" என்றார் அக்கா. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அக்கா அந்த இடத்திலேயே அதை உண்டாக்கினார்.

ஆறு தட்டும் புகைந்துகொண்டிருந்தன. பிறகு புகை நின்றது. வெண்ணெய் உறைந்து இறைச்சிமேல் வெள்ளையாய்ப் படிந்தது. சமையல்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அன்ரன் ஓடிவந்து குனிந்தார். "என்ன பிழை ஐயா? அங்கை ஆள் அழுறமாதிரி நிக்கிறார்." பிழை இல்லை, சம்பந்தம் பேசுகிறோம் என்றேன். அவருக்கு உடனே விளங்கியது. "அப்ப கொண்டுபோய்ச் சூடாக்கி வைக்கிறன். நீங்கள் ஆறுதலாப் பேசுங்கோ" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். இதைக் கொழும்பு மனேச்சருக்கு எந்த மொழியில் விளக்கினாரோ தெரியாது.

பேச்சு தொடங்கியது. மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அத்தான் கேட்டார்.

"போக்குவரத்துத் துறையிலை பெரிய பொறுப்பு" என்றார் மங்களமக்கா.

"என்ன பொறுப்பு?" என்று கேட்டது தர்ஷினி. நேராக நிமலனைப் பார்த்து.

அவன் தாயைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "பேர்ணிலை ட்ராம் ஓட்டுறனான்."

தட்டுகள் திரும்பி வந்தன. வைத்த வேகத்திலேயே அன்ரன் முகங்களைப் பார்த்தார். எல்லாவற்றையும் மறுபடி எடுத்துக்கொண்டு போனார்.

"அப்ப பெரிய பொறுப்பெண்டது?" என்றார் அத்தான்.

"ட்ராமிலை எனக்கு முன்னாலை ஒருத்தரும் இருக்கிறேல்லை அங்கிள்" என்றான் நிமலன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. மங்களமக்காவின் கழுத்துச் சங்கிலி மேலும் கீழும் போய்வந்தது.

"நானும் ஒண்டைச் சொல்லிப்போடுறன்" என்றாள் தர்ஷினி. "நான் இஞ்சைதான் இருப்பன். தீவை விட்டிட்டு வரமாட்டன்."

"இதென்ன கதை?" என்றார் மங்களமக்கா. "கலியாணம் முடிச்சா புருசன் இருக்கிற இடத்துக்குத்தானே வாறது?"

"எனக்கு இது தெரியும் அம்மா" என்றான் நிமலன். "நான் நேற்று நெடுந்தீவுக்குப் போனனான்."

"நேற்று நீ சிநேகிதன் வீட்டை போனனியல்லே?"

"இல்லை. இவவைப் பற்றி விசாரிக்கப் போனனான். மாடு வைச்சிருக்கிற ஒரு அம்மா, மரியம்மாவாம். எங்கடை டொக்டரைக் கூட்டிக்கொண்டுபோக வந்தனீரோ எண்டு திரத்தாத குறை. வேணுமெண்டால் நீர் இஞ்சை வாருமெண்டவ." அவன் தொண்டையைச் செருமினான். "படகிலை சத்தி எடுத்தனான். போகேக்கையும் வரேக்கையும். ஆனா அதே படகிலைதான் திரும்பி வந்தனான்."

"வேறை படகு இல்லையே" என்றாள் தர்ஷினி.

அவன் சிரித்தான். "இஞ்சை ட்ராம் இல்லை. பஸ் ஓட்டப் பழகலாம்."

மூன்றாம் தடவை தட்டுகள் வந்தன. அந்த இறைச்சியை இனித் திரும்பக் கொண்டுபோய்ச் சூடாக்க முடியாது என்பது அன்ரன் முகத்தில் தெரிந்தது. இறைச்சி தோணிக்கு அடிக்கிற கறுப்புக் கீல்போல இருந்தது.

மங்களமக்கா மடியிலிருந்த துணியை மடித்து மேசையில் வைத்தார். "நிமலன், எழும்பு. இது சரிவராது. பஸ் ஓட்டவோ உன்னைச் சுவிசுக்கு அனுப்பினனாங்கள்?"

அக்காவும் கைப்பையை எடுத்தார். "எங்களுக்கும் ட்ராம்காரருக்குக் குடுக்கிற எண்ணம் இல்லை" என்றார். மாப்பிள்ளைவீட்டார் எழும்ப முதல் தான் எழும்பவேண்டும் என்ற அவசரம் அவருக்கு. இரண்டு தாய்மாரும் கதிரைகளைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

என் வேலை அதுதான் என்று நினைவு வந்தது. "இருங்கோ" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கூடிவிட்டது. பக்கத்து மேசையிலும் கரண்டிகள் நின்றன. "பிள்ளையை ஒருத்தரும் கேக்கேல்லை."

"அவளை என்னத்தைக் கேக்கிறது?" என்றார் அக்கா.

தர்ஷினி கத்தியை எடுத்தாள். இறைச்சியில் வைத்து அறுத்தாள். கத்தி வழுக்கியது. இடக்கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, கன்றுக்கு வைத்தியம் பார்க்கிற அதே பொறுமையோடு மறுபடி அறுத்தாள். ஒரு துண்டு பிரிந்தது. அதை வாயில் வைத்தாள்.

இரண்டு தாய்மாரும் பாதி எழும்பியபடி நின்றார்கள். சாப்பிட்டால் சம்மதம். ஆனால் விழுங்கினால்தானே சாப்பிட்டது? அவள் மென்றாள். இடப்பக்கம் மென்றாள். வலப்பக்கத்துக்கு மாற்றினாள். நிமலன் மூச்சை அடக்கி அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தான் அறியாமல் கூடவே மென்றுகொண்டிருந்தார்.

இந்த வேளை பார்த்து மனேச்சர் கையில் பளபளக்கும் தொடுதிரைப் பலகையோடு வந்து சேர்ந்தார். விருந்தினர் தங்கள் அனுபவத்துக்கு நட்சத்திரம் போடவேண்டுமாம். எல்லாம் எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தர்ஷினி விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"இறைச்சி சரியில்லை" என்றாள். பிறகு மேசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். "ஆள் பரவாயில்லை."

மனேச்சருக்கு விளங்கவில்லை, அன்ரனைத் திரும்பிப் பார்த்தார். அன்ரன் ஆங்கிலத்தில் சொன்ன பதிலில் இறைச்சி இருக்கவில்லை. மகிழ்ச்சி என்ற சொல் மட்டும் இரண்டு தடவை வந்தது. மனேச்சர் தலைவணங்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அக்கா மெல்ல அமர்ந்தார். மங்களமக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவருடைய குடும்ப வழக்கத்தில் பெண் முதலில் சாப்பிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஏற்பாடு இருக்கவில்லை போலும்.

தர்ஷினி அவர் முன்னாலிருந்த தட்டை அவர் பக்கம் சற்று நகர்த்தி வைத்தாள்.

"மீன் ஆறுது, மாமி" என்றாள்.

மங்களமக்கா மகனைப் பார்த்தார். அவன் முகத்தில் என்ன கண்டாரோ, கதிரையை இழுத்து அமர்ந்தார். மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடியில் விரித்தார்.

"முள்ளு இருக்கோ?" என்றார்.

"இருந்தா நான் எடுத்துத் தாறன்."

அவர் முள்ளுக்கரண்டியை எடுத்தார். அக்கா எடுத்தார். அத்தான் எடுத்தார். நிமலன் கத்தியையே எடுக்காமல் முழுத்துண்டையும் குத்தித் தூக்கினான். குசினியில் சமையல்காரர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

என் தட்டைப் பார்த்தேன். மணம் இல்லை. நிறம் கறுப்பு. கடினம் வரம்பு மீறியது. தரம் பார்ப்பவன் என்றால் அதை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். தாய்மாமன் என்பதால் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.